உருகாத மெழுகு

எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்து "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வெள்ளகோவிலில் நான் வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் மரியாதை அது. ஆனால் ஆராய்ச்சி செய்கிறவனுக்கு இதைப் போல இடைஞ்சல் வேறு இல்லை. நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீங்கள் காகிதத்தைக் கொடுத்து, "அவசரமில்லீங்க சார், உக்காந்து நிதானமா எழுதுங்க" என்று சொல்லி, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருக்கிறீர்கள். முடித்து வைத்த வழக்கைப் பற்றிப் பேச ஒருவன் தானாக ஸ்டேஷனுக்கு நடந்து வந்து உட்கார்ந்தால் எந்தக் காவல் ஆய்வாளருக்கும் எரிச்சல்தான் வரும். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். மனைவி போன துக்கத்தில் ஏதோ பேசுகிறேன் என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தாலும் சரி. படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் பெயர் சிவசுப்பிரமணியம். பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பேராசிரியர். வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போகிறது, அதை எப்படித் தடுப்பது, எப்படித் திருப்புவது என்பதே என் பாடம், என் ஆராய்ச்சி. சாயப்பட்டறைகளில் பாய்லர் புகைபோக்கி வழியாக வீணாகப் போகிற சூட்டைப் பிடித்துத் தண்ணீரைக் காய வைக்கும் அமைப்புகளை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறேன். பல்லடம், சாமளாபுரம் பக்கத்தில் சில இடங்களில் அவை இன்னும் ஓடுகின்றன.

இந்துமதி என் மனைவி. அவளுடைய அண்ணன் மகுடேஸ்வரனுக்குச் சொந்தமான தகரக் கொட்டகையில் அயர்னிங், பேக்கிங் யூனிட் நடத்திவந்தாள். பெரிய கம்பெனிகள் தைத்து அனுப்புகிற பனியன்களுக்கு நீராவி இஸ்திரி போட்டு, மடித்து, உறையில் போட்டுத் திருப்பி அனுப்பும் வேலை. முதலாளி என்று அறைக்குள் உட்கார மாட்டாள். ஒரு ஆள் வரவில்லை என்றால் அந்த மேசையில் தானே போய் நின்றுவிடுவாள். சின்ன யூனிட்டுகளில் இது வழக்கம்தான். லீவு போட்டவன் திரும்பி வந்து, தன் மேசையில் முதலாளியம்மா நின்றதைக் கேள்விப்பட்டால் அடுத்த தடவை லீவு கேட்க யோசிப்பான் என்பாள். அதற்காக நின்றவள் இல்லை. வேலை தேங்கினால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

குளிர்ச் சட்டை அவளுடைய யோசனை. ஒரு கோடையில் வீட்டுக்கு வந்து, கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு சோபாவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, பாய்லர் சூடு வீணாப் போகுதுன்னு ஊர் ஊராப் போறீங்க. எங்க டேபிள்ள நிக்கறவங்க தெனமும் வேகறாங்க. அதுக்கு ஏதாச்சும் படிச்சிருக்கறீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

மெழுகில் பல வகை உண்டு. ஒரு வகை, உடம்புச் சூட்டுக்கும் கீழேயே உருகத் தொடங்கும். உருகும்போது பக்கத்திலிருக்கிற சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஆனால் உருகி முடிகிற வரைக்கும் தான் சூடாகாது. வாங்கிக்கொள்ளும், வெளியே காட்டாது. அந்த மெழுகைச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, கையில்லாத ஒரு சட்டையின் உள்பக்கம் தைத்தோம். மெழுகு உருகித் தீர்ந்ததும் சட்டையைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் முக்கி வைத்தால் மறுபடி இறுகிவிடும். டீ நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். இஸ்திரி மேசையில் நிற்கிற ஒருவனுடைய உடம்புச் சூட்டை இது கட்டுப்படுத்தும் என்பதை ஆய்வகத்தில் காட்டிவிட்டேன்.

கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்று திருப்பி அனுப்பியது. குளிர்ச் சட்டை என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் மனிதனுக்குக் குளிர்ந்ததாகத்தான் தோன்றும். அந்தத் தோற்றத்தை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே வழிதான் உண்டு. பார்க்க அதே மாதிரி, அதே எடையில், வேலை செய்யாத சட்டைகளையும் தைத்துக் கலந்து கொடுக்க வேண்டும். போடுகிறவருக்கு எது எது என்று தெரியக் கூடாது.

வேலை செய்யாத சட்டைகளில் சாதாரண மெழுகுவர்த்தி மெழுகை ஊற்றினோம். அது உடம்புச் சூட்டில் உருகாது. தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்டதும் கொஞ்ச நேரம் ஜில்லென்று இருக்கும். அப்புறம் அது ஒரு தடித்த போர்வை. நீராவி நிறைந்த கொட்டகையில் மனித உடம்புக்கு இருக்கிற ஒரே வழி வியர்வை உலர்வது. அந்தச் சட்டை மார்பையும் முதுகையும் மூடிக்கொண்டு அந்த வழியை அடைத்துவிடும். சட்டையே போடாமல் நிற்பதைவிட அது மோசம். இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. என் இரண்டாமாண்டு மாணவனுக்கே தெரியும்.

பாதுகாப்புக்கு விதிகள் வைத்திருந்தேன். ஒவ்வொருவர் காதிலும் பஞ்சுருண்டை அளவுக்கு ஓர் உணரி. உடம்பின் உள்சூடு கோடாக ஓடி என் கல்லூரிக் கணினியில் தெரியும். திரையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதைத் தொட்டால் மணி அடிக்கும். உடனே அந்த ஆளை உட்கார வைத்து, சட்டையைக் கழற்றித் தண்ணீர் கொடுக்க வேண்டும். இருதயக் கோளாறு உள்ளவர்கள், பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சேரக் கூடாது. விதிகளை எழுதியது நான்தான். நல்ல விதிகள்.

இந்துமதியின் யூனிட்டிலேயே நடத்தினோம். ஆட்களுக்கு என்னைத் தெரியும். சூப்பர்வைசர் குமாரவேல் ஆளுக்கொரு சட்டையைக் கொடுத்து, ஆளுக்கொரு கொக்கியில் மாட்ட வைத்தான். எது உண்மை, எது வெற்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் வார முடிவில் ஒவ்வொருவரிடமும் போய், எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க சார்."

"ஜில்லுனு இருக்குதுங்க. ஊட்டிக்குப் போன மாதிரி இருக்குதுங்க."

"எங்க ஊட்டுக்காரருக்கும் ஒண்ணு கெடைக்குங்களா?"

இப்படிச் சொன்னவர்களில் மூன்று பேர் போட்டிருந்தது வெற்றுச் சட்டை. ஊட்டிக்குப் போனவரும் அதில் ஒருவர். முதலாளியம்மா வீட்டுக்காரர் செய்த சட்டையைக் குறை சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லாத அதே வாய்.

உண்மையைச் சொன்னவன் ஒருவன்தான். சந்தனம் என்று பெயர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன்.

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. இதப் போட்டுக்கிட்டு நின்னா இட்லிக் கொப்பரைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

குமாரவேல் விட்டானா. "ஏப்பா, சாரு ராத்திரி பகலா ஒக்காந்து பண்ணுனது. உனக்கு இட்லி வேணும்னா மெஸ்ஸுக்குப் போ. போறப்ப எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா."

"இட்லி நானே வெந்துட்டேன் அண்ணாச்சி. சட்னி மட்டும் கொண்டாங்க."

கொட்டகையே சிரித்தது. இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சந்தனம் போட்டிருந்தது வெற்றுச் சட்டைதான்.

வாய்ப் பேச்சு உதவாது என்று கோடுகளைப் பார்க்கத் தொடங்கினேன். கோடுகளும் உதவவில்லை. வெற்றுச் சட்டைக்காரர்களுடைய கோடு மேலே ஏறும். சிவப்புக்கு வெகு கீழேயே திடீரென்று இறங்கிவிடும். காரணம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக மூன்று பேர் சட்டையைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பொத்தானைக்கூடச் சரியாகப் போடவில்லை. "நல்லா இருக்குதுங்க சார்" என்றார் ஒருவர்.

அவர்கள் என் மனம் நோகக் கூடாது என்று செய்ததுதான். ஆனால் சட்டைக்கும் சட்டைக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. இதழுக்கு நான் எதை அனுப்புவது? என் ஓய்வுக்கு அதிக காலம் இல்லை. அந்தச் சட்டை ஒன்றுதான் நான் செய்தவற்றில் மனிதன் மேல் போடக்கூடியது. மற்றதெல்லாம் குழாய்.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிக்கொண்டேயிருந்திருக்கிறேன் போல. ஒருத்தர்கூட முழு நேரம் போட்டிருக்க மாட்டேன் என்கிறார்கள், ஒரே ஒரு கோடு, ஒரு முழுக் கோடு கிடைத்தால் போதும் என்று. இந்துமதி சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"சந்தனம் ஊருக்குக் கோயில் கொடைக்குப் போறானுங்க. அவன் டேபிள்ள நான்தான் நிக்கணும். அவன் சட்டைய நான் போட்டுக்கட்டுங்களா? நான் கழட்ட மாட்டனுங்க. உங்களுக்குக் கோடு முழுசா வரும்."

அவள் பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீர் பிரிகிற மாத்திரை. மருந்துக்கடையில் வாங்கி வருவது நான்தான்.

"போட்டுக்கோ" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு மேல் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், இருக்கிறது. அந்த அறைக் கூரை நான் வடிவமைத்தது. தளத்தின் மேல் மண் கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை போட்டது. மேற்கு வெயில் உள்ளே இறங்காது என்பது கணக்கு. இந்துமதி அங்கேதான் படுப்பாள். எனக்குக் கீழே படிக்கிற அறை. ஒவ்வொரு கோடையிலும் கேட்பேன். "நல்லா இருக்குதுங்க" என்பாள். அதை நம்பி அந்தக் கூரையைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அப்புறம் ஒரு சித்திரையில் மகுடேஸ்வரன் குடும்பத்தோடு வந்து தங்கியதால் நான் மேலே படுக்க வேண்டியதாயிற்று. சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வியர்வையில் பாய் நனைந்துவிட்டது. காலையில் அவளிடம், இத்தனை வருடம் எப்படிப் படுத்தாய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ஆசையாக் கட்டினதுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூரையைப் பற்றி நான் எங்கும் பேசவில்லை. அறையை மாற்றவும் இல்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த நாள் கத்திரி வெயில். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு தேங்கிக் கிடந்தது. குழந்தைகள் போடுகிற மஞ்சள் பனியன்கள். காலையில் வண்டியில் கொண்டுபோய் யூனிட்டில் விட்டபோது அவள் கொக்கியிலிருந்து சந்தனத்தின் சட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஏனுங்க, இது வேகுதுன்னு அவன் சொன்னானுங்களே. வேற ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா? அந்தப் பக்கம் ரெண்டு சும்மா தொங்குது."

அந்தப் பக்கம் தொங்கிய இரண்டும் உண்மைச் சட்டைகள். உண்மைச் சட்டையில் எனக்குப் போதுமான கோடுகள் வந்திருந்தன. குறை மற்றதில்தான்.

"அதையே போடு. எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

போட்டுக்கொண்டாள். காதில் உணரியை நானே வைத்தேன். கம்மல் இடித்தது, கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "ஆபீஸ்ல மறந்து வச்சிட்டு வந்துராதீங்க" என்றாள்.

கல்லூரியில் என் அறை குளிரூட்டியது. கதவைச் சாத்திக்கொண்டு திரையைத் திறந்தேன். கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. இதுவரைக்கும் பார்க்காத ஒழுங்கு. இடையில் ஒரு சரிவு இல்லை. அவள் சொன்னபடி கழற்றவில்லை. தொட்டிப் பக்கம் போகவில்லை. மற்றவர்கள் டீக்குப் போன நேரத்தில்கூட மேசையில் நின்றிருக்கிறாள் என்பது கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது சிவப்பைத் தொட்டது. மணி அடித்தது. நான் அலைபேசியை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கூப்பிடாமல் இல்லை.

"எப்படி இருக்குது இந்து?"

"நல்லா இருக்குதுங்க. ஜில்லுனு இருக்குதுங்க." பின்னால் நீராவி சீறுகிற சத்தம். "கோடு நல்லா வருதுங்களா?"

"நல்லா வருது."

"அப்பக் கழட்டலைங்க. ஒரு கட்டு முடிச்சுர்றேன்."

போனை வைத்துவிட்டாள். அவளே நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். அவள் சொன்னதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். மணி மறுபடி அடித்தது. அது கவனத்தைக் கலைத்ததால் ஒலியை அணைத்துவிட்டேன்.

ஒரு பொருளின் சூடு ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் அது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லலாம். நான் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே அதுதான். கோடு வளைந்து படுக்கைவாட்டில் திரும்பினால் உடம்பு சமாளிக்கிறது என்று பொருள். வளையாமல் நேராக நிமிர்ந்தால் வியர்வை நின்றுவிட்டது என்று பொருள். அது நிமிரத் தொடங்கியது.

மறுபடி கூப்பிட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"இந்து, எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க." குரல் மெதுவாக, தூக்கத்தில் பேசுவது போல வந்தது. "ஏனுங்க, தேஜு ஸ்கூல்ல இருந்து வந்துட்டாளுங்களா? வேன் சத்தம் கேக்கல."

எங்கள் மகள் தேஜஸ்ரீ புனேயில் வேலை பார்க்கிறாள். ஸ்கூல் வேனில் அவள் வந்து இறங்கிய காலம் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. உள்சூடு அளவு மீறும்போது மனிதனுக்கு முதலில் தவறுவது காலமும் இடமும். என் பாடக் குறிப்பில் இது ஒரு தனி வரி. தேர்வில் கேட்டிருக்கிறேன்.

"வந்துட்டா" என்றேன்.

"பால் காய்ச்சிக் குடுங்க" என்றாள்.

கேட்பீர்கள். அப்போது ஏன் குமாரவேலைக் கூப்பிடவில்லை, அவன் அவளுக்குப் பக்கத்து மேசையில்தானே நின்றான் என்று. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? சட்டையைக் கழற்று என்றால், குளிர்ச் சட்டையை எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்பான். அவர்கள் போட்டிருப்பதில் பாதி குளிர்ச் சட்டையே இல்லை என்று தெரிந்துவிடும். அதுவரை வந்த எல்லாக் கோடுகளும் வீண். இதையெல்லாம் அப்போது வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கோடு சட்டென்று அறுந்தது. கழற்றிவிட்டாள் என்று நினைத்தேன். லேசாக எரிச்சல் வந்தது.

அவள் விழுந்தபோது உணரி காதிலிருந்து தெறித்திருக்கிறது. குமாரவேல் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"சாருங்க, அம்மா விழுந்துட்டாங்க. கண்ணு சொருகுது. ஒடம்பு தொட முடியலைங்க, அப்பிடிக் கொதிக்குதுங்க. என்ன பண்ணட்டுங்க?"

அந்தக் கொட்டகைக்குள்ளேயே, அவள் விழுந்த இடத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில், சட்டைகளை முக்குகிற குளிர்ந்த நீர்த் தொட்டி இருந்தது. அதில் அவளைத் தூக்கி வைத்திருந்தால் போதும். சூடு வேகமாக இறங்க அதைவிட நல்ல வழி உலகத்தில் கிடையாது. இது என் தொழில்.

நான் குமாரவேலிடம், "சட்டையக் கழட்டிப் பத்திரமா எடுத்து வை. யாரும் தொட வேண்டாம்" என்றேன். பிறகு, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, நான் வர்றேன்" என்றேன். தண்ணீரை ஊற்று என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அவனும் ஊற்றவில்லை. சாரு இவ்வளவு படித்தவர், ஊற்ற வேண்டுமென்றால் சொல்லியிருப்பார் என்று நினைத்தானாம். பிறகு ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னான்.

ஆஸ்பத்திரியில் வெயில் தாக்கம், பிரஷர் வேறு இருந்திருக்கிறது என்றார்கள். நீங்கள் வந்து, கீழே பார்த்துக்கொண்டு, அம்மா என்ன உடுப்பு போட்டிருந்தார்கள் என்று கேட்டீர்கள். உடம்பைக் குளிர வைக்கிற சட்டை என்று சொன்னேன். "பாவம், அதையும் மீறி ஆயிருச்சு பாருங்க" என்றீர்கள். நான் ஆமாம் என்றேன். அவள் கம்மல் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மயானத்திலிருந்து வந்த பிறகு தேஜஸ்ரீ மேல் அறையில் படுத்தாள். காலையில் கீழே வந்து, "அப்பா, இந்த ரூம்ல அம்மா எப்படிப் படுத்தாங்க?" என்று கேட்டாள். பழகிவிட்டது என்றேன்.

கட்டுரை இந்த வருடம் வெளிவந்தது. அதில் மூன்றாவது படம் இந்துமதியின் கோடு. உண்மைச் சட்டைக்கும் வெற்றுச் சட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. அது மேலே ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் அறுபடுகிறது. படத்துக்கு அடியில், "பங்கேற்பாளர் இந்தக் கட்டத்தில் விலகிக்கொண்டார்" என்று எழுதினேன். அந்த ஒரு கோட்டுக்காகவே ஏற்றுக்கொண்டதாக இதழிலிருந்து எழுதியிருந்தார்கள்.

சட்டைக்கு 'இந்து' என்று பெயர் வைத்தோம். கல்லூரி விழாவில் மகுடேஸ்வரன் விளக்கேற்றினார். "எந்தங்கச்சி போயும் நாலு பேரக் காப்பாத்தறா மாப்பளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அது பொய்யல்ல. இன்றைக்குப் பல யூனிட்டுகளில் அதைப் போடுகிறார்கள். உண்மை மெழுகு. இந்தக் கோடையில் அதைப் போட்ட ஒருவரும் மயங்கி விழவில்லை. நான் செய்ததை எடை போடும்போது இதையும் சேர்த்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஏன் இப்போது வந்தேன் என்றால், சந்தனம் வந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நான் கொடைக்குப் போகாம இருந்திருந்தா அக்கா என் டேபிள்ல நின்னிருக்காது சார். என் சட்டையப் போட்டிருக்காது. சாமி கும்புடப் போன எடத்துல இப்படி ஒண்ணச் சம்பாதிச்சுட்டு வந்துட்டேன். இந்த வருசம் கொடைக்குப் போகல சார். இனிமே போறதா இல்ல."

"உன் தப்பு இல்லப்பா" என்றேன்.

"அப்ப யார் தப்பு சார்?" என்றான். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அவனுக்கு மோர் கொடுத்தேன். வெயில் காலம் என்பதால் உப்புக் கூடுதலாகப் போட்டிருந்தேன், கை தவறி நிறையவே விழுந்துவிட்டது. குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "சார், இது ஒரே உப்பு" என்றான். அவன் போன பிறகு அந்தச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு இங்கே வந்தேன்.

ஆகவே இதுதான் என் வாக்குமூலம். அது வெற்றுச் சட்டை என்று தெரிந்தே போடச் சொன்னேன். மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்தே சேர்த்தேன். சிவப்பைத் தாண்டியது தெரிந்தும் நிறுத்தவில்லை. ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு தடவையும் அவள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

கட்டுரையின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கிறது, உங்களுக்காக ஒரு பத்தியை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதி மக்கள் மரியாதை கருதி எப்போதும் நன்றாக இருக்கிறது என்றே பதில் சொல்வார்கள், ஆகவே அவர்கள் வாயால் சொன்ன பதில்கள் எதையும் ஆராய்ச்சியாளர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று அதில் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்தியை நான் எழுதி முடித்தது, இந்துமதி அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வதற்கு முந்தைய வாரம்.